செந்தொண்டை ஹம்மிங்பேர்டும் பட்டைவால் மூக்கனும்: நிற்காமல் கடல் தாண்டுவதில் எது கெட்டி?

காவேரிப்பட்டணத்தில் பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார்: "அண்ணா, எங்கள் வீட்டுச் செம்பருத்திக்கு தினமும் ஒரு ஹம்மிங்பேர்ட் வருகிறது. இத்தனூண்டு பறவை மெக்சிகோ வளைகுடாவையே நிற்காமல் தாண்டுமாம். பட்டைவால் மூக்கன் என்ற கரைப்பறவை பசிபிக் கடலைத் தாண்டுமாம். இரண்டில் எது கெட்டி? உடல் அளவை வைத்துப் பார்த்தால் ஹம்மிங்பேர்ட்தானே? அந்த மூக்கனை நம்ம கே.ஆர்.பி. டேமில் (கிருஷ்ணகிரி அணையில்) பார்க்க முடியுமா?" மூன்று கேள்விகள். மூன்றுக்கும் பதில் சொல்கிறேன், நடுக்கேள்விக்குத்தான் கொஞ்சம் நேரம் பிடிக்கும், அதில்தான் விஷயமே இருக்கிறது.

முதலில் செம்பருத்தி. உங்கள் வீட்டுக்கு வருவது ஹம்மிங்பேர்ட் இல்லை தம்பி, தேன்சிட்டு. ஹம்மிங்பேர்ட் குடும்பத்தில் ஏறக்குறைய 360 வகைகள் இருக்கின்றன, அத்தனையும் வட, தென் அமெரிக்கக் கண்டங்களிலும் அவற்றை ஒட்டிய தீவுகளிலும் மட்டும்தான் வாழ்கின்றன, இந்தியாவில் இயற்கையாக ஒன்றுகூடக் கிடையாது. கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கம் வீட்டுத் தோட்டங்களில் அதிகம் வருவது ஊதாப்பிட்டுத் தேன்சிட்டும் ஊதாத் தேன்சிட்டும். அடுத்த தடவை வரும்போது அதன் காலைக் கவனியுங்கள். காம்பையோ கிளையையோ பிடித்துக்கொண்டு, தேவைப்பட்டால் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு, உட்கார்ந்துதான் குடிக்கும். செம்பருத்தியில் இன்னொரு வேலையும் பார்க்கும். பூவின் வாய் வழியாகப் போகாமல், அடியில் பச்சைப் புல்லி இருக்கும் இடத்தில் அலகால் குத்தி, அந்த ஓட்டை வழியாகவே தேனை உறிஞ்சிக்கொண்டு போய்விடும், மகரந்தம் அதன் மேல் ஒட்டவே ஒட்டாது. வாடி விழுந்த பூவை எடுத்துப் பார்த்தால் அடியில் அந்தச் சின்னக் கிழிசல் தெரியும். உட்கார இடம் கிடைக்காத பூவில் ஓரிரு விநாடி சிறகடித்து அந்தரத்தில் நிற்கும், அதைப் பார்த்துத்தான் நிறையப் பேர் ஹம்மிங்பேர்ட் என்று முடிவு செய்துவிடுகிறார்கள். இன்னொன்றும் உண்டு: சாயங்காலம் இருட்டப்போகும் நேரத்தில் விர்ரென்று வந்து, எதிலும் உட்காராமல் பூவுக்குப் பூ அந்தரத்திலேயே நின்று குடிப்பது. அது பறவையே இல்லை, ஒருவகை அந்துப்பூச்சி, தலையில் இரண்டு உணர்கொம்புகள் இருக்கும், அலகுக்குப் பதிலாகச் சுருட்டி வைத்துக்கொள்ளும் உறிஞ்சுகுழல் இருக்கும்.

தேன்சிட்டும் ஹம்மிங்பேர்டும் பார்க்க ஒன்றுபோல இருப்பதற்குக் காரணம் சொந்தம் இல்லை, செய்கிற தொழில். இரண்டும் தனித்தனி வழியில் வந்து ஒரே தொழிலுக்கு ஏற்ற உடம்பைப் பெற்றவை. தேன்சிட்டு, காகமும் மைனாவும் சிட்டுக்குருவியும் இருக்கிற அணியைச் சேர்ந்தது. ஹம்மிங்பேர்டுக்கு நம்ம ஊரில் நெருங்கிய சொந்தம் வேறு யார் தெரியுமா? பனை உழவாரன். காரிமங்கலம் பக்கமோ போச்சம்பள்ளிப் பக்கமோ பனைமரங்களைச் சுற்றி நாள் முழுக்கச் சுழன்று சுழன்று பறக்கிறதே, தரையில் இறங்குவதே இல்லையே, அதேதான். இரண்டுக்கும் தோளை ஒட்டிய கை எலும்பு மிகவும் குட்டை, சிறகின் பெரும்பகுதி கையின் நுனிப்பக்கத்து எலும்புகளில்தான் தாங்கி நிற்கிறது, கால்கள் பற்றிக்கொள்ள மட்டுமே உதவும், நடக்கத் தெரியாது. ஒரு காலத்தில் ஹம்மிங்பேர்டுகள் அமெரிக்கக் கண்டங்களுக்கு வெளியே, ஐரோப்பாவிலும் இருந்திருக்கின்றன. ஜெர்மனியில் கிடைத்த, ஏறக்குறைய 3 கோடி ஆண்டு பழைய புதைபடிவங்களை கெரால்ட் மயர் என்ற ஆய்வாளர் 2004-இல் விவரித்தபோது பறவையியல் உலகமே வியந்தது. அந்தரத்தில் நிற்க ஏற்ற சிறகும் நீண்ட அலகும் அவற்றில் அப்போதே இருந்தன.

சரி, ஒப்பிட வேண்டிய இரண்டு பறவைகளுக்கு வருவோம்.

வளைகுடாவைத் தாண்டுவது செந்தொண்டை ஹம்மிங்பேர்ட். தமிழில் ரீங்காரச்சிட்டு என்றும் எழுதுகிறோம். கனடாவின் தெற்குப் பகுதியிலும் அமெரிக்காவின் கிழக்குப் பாதியிலும் கோடையில் குஞ்சு பொரித்துவிட்டு, குளிர்காலத்துக்கு மெக்சிகோவின் தென்பகுதி, மத்திய அமெரிக்கா என்று போய்விடும். நீளம் 9 செ.மீ.க்குள், எடை சாதாரணமாக 3 கிராமை ஒட்டி, சிறகடிப்பு விநாடிக்கு 50 தடவை அளவில். ஆணின் தொண்டைச் சிவப்பு சாயம் இல்லை. இறகுக்குள் இருக்கும் நுண்ணிய அடுக்குகளில் ஒளி பட்டுத் திரும்புவதால் வருவது, அதனால் தலையைக் கொஞ்சம் திருப்பினாலே சிவப்பு மறைந்து கறுப்பாகிவிடும். (உங்கள் வீட்டு ஊதாத் தேன்சிட்டு ஆண் நிழலில் கறுப்பாகவும் வெயிலில் நீலமும் ஊதாவுமாகவும் மின்னுவது இதே வித்தைதான்.) வலசைக்கு முன்னால் அது தேனும் பூச்சியுமாகத் தின்று தின்று எடையை 6 கிராம் அருகே கொண்டுபோகும், கூடியதில் பெரும்பகுதி கொழுப்பு. அப்புறம் கடல். சுமார் 800 கி.மீ., ஏறத்தாழ 20 மணி நேரம், தனியாக. எல்லாமே கடலைத் தாண்டுவதில்லை, இலையுதிர் காலத்தில் நிறையப் பறவைகள் டெக்சஸ் கரையோரமாகவே சுற்றிக்கொண்டு போகின்றன. ஆனாலும் தாண்டுகிறவை நிச்சயமாக இருக்கின்றன, நடுக்கடலில் எண்ணெய்க் கிணற்று மேடைகளில் வேலை செய்கிறவர்கள் பார்த்திருக்கிறார்கள்.

இவ்வளவு சின்ன உடம்பில் அவ்வளவு தூரத்துக்கு எரிபொருள் இருக்கவே முடியாது என்று ஒரு காலத்தில் விஞ்ஞானிகளே சந்தேகப்பட்டார்கள். 1962-இல் ராபர்ட் லசீவ்ஸ்கி என்பவர் இந்தப் பறவைகள் பறக்கும்போது எவ்வளவு ஆக்சிஜன் செலவழிக்கின்றன என்று அளந்து கணக்குப் போட்டார். 2 கிராம் கொழுப்பு இருந்தால் ஒரு நாளுக்கு மேலேயே பறக்கலாம், வளைகுடாவுக்கு அது போதும், மிச்சமும் இருக்கும் என்று வந்தது. சந்தேகம் அதோடு தீர்ந்தது.

பட்டைவால் மூக்கனின் கதை இன்னும் ஒரு படி மேலே. உள்ளான் குடும்பத்துப் பறவை, நீளம் 39 செ.மீ. அளவு, நீண்ட, நுனி லேசாக மேல்நோக்கிய அலகு, பெண்ணுக்கு ஆணைவிட அலகும் பெரிது உடம்பும் பெரிது. இதில் ஒரு கூட்டம் அலாஸ்காவில் முட்டையிட்டு நியூசிலாந்துக்குப் போகும். எப்படிப் போகிறது என்று 2007 வரை முழுமையான நேரடிச் சான்று இல்லை, வழியில் எங்கேயோ தீவுகளில் இறங்குகிறது என்று நினைத்தவர்களும் உண்டு. அந்த ஆண்டு நியூசிலாந்தில் சில பறவைகளுக்குச் செயற்கைக்கோள் கருவி பொருத்தினார்கள். அவற்றில் E7 என்று அடையாளம் கொடுத்த ஒரு பெண் பறவை மார்ச் மாதம் கிளம்பி 10,000 கி.மீ.க்கு மேல் ஒரே மூச்சில் பறந்து சீனா, வட கொரியா எல்லையில் உள்ள யாலு ஆற்று முகத்துவாரத்தில் இறங்கியது, சில வாரங்கள் தின்று தேறி, அலாஸ்கா போய்ச் சேர்ந்தது. கருவியின் பேட்டரி அதோடு தீர்ந்துவிடும் என்றுதான் எல்லோரும் எதிர்பார்த்தார்கள், தீரவில்லை. ஆகஸ்ட் கடைசியில் அலாஸ்காவிலிருந்து கிளம்பி, 11,680 கி.மீ., 8 நாளுக்குச் சற்று மேல், எங்கும் இறங்காமல், நியூசிலாந்தில் கிளம்பிய அதே பகுதிக்கு வந்து இறங்கியது. இறங்காமல் என்றால் கடலில்கூட இறங்காமல். இது வாத்து இல்லை, தண்ணீரில் மிதந்து இளைப்பாறும் உடம்பு இதற்குக் கிடையாது. 2020-இல் இன்னொரு பறவை 12,000 கி.மீ.ஐத் தாண்டியது. பிறந்து ஐந்து மாதமே ஆன ஒரு இளம் மூக்கன் 2022 அக்டோபரில் அலாஸ்காவிலிருந்து ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியா வரை 13,560 கி.மீ.ஐ 11 நாளில் கடந்தது.

இப்போது உங்கள் நடுக்கேள்வி. எது கெட்டி என்று பார்க்க தூரத்தை மட்டும் வைத்தால் கேள்வியே இல்லை, மூக்கன்தான். ஆனால் தூரத்தைவிட எனக்குப் பிடித்த கணக்கு ஒன்று இருக்கிறது, எரிபொருள் கணக்கு. அலாஸ்காவில் ஒரு ரேடார் கூண்டில் மோதி இறந்துபோன, வலசை கிளம்பிய இளம் மூக்கன்களை ஆராய்ந்து பார்த்ததில் உடம்பு எடையில் 55 சதவீதம் அளவுக்குக் கொழுப்பாகவே இருந்தது. ஹம்மிங்பேர்டிலும் கிளம்பும்போது மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கொழுப்பு. அதாவது இரண்டும் எடுத்துக்கொண்டு போகிற கட்டுச்சோறு, அதனதன் உடம்புக்குப் பார்த்தால் அவ்வளவு ஒன்றும் வித்தியாசம் இல்லை. அப்படியிருந்தும் ஒன்றுக்கு அது ஒரு நாளுக்குத்தான் வருகிறது, இன்னொன்றுக்கு எட்டு முதல் பதினொரு நாள் வருகிறது. ஏன்?

நீங்களே பேப்பரில் போட்டுப் பாருங்கள். ஒரு கிராம் கொழுப்பில் 9 கிலோகலோரி. ஹம்மிங்பேர்டிடம் 2 கிராம் என்றால் 18 கிலோகலோரி, லசீவ்ஸ்கி கணக்குப்படி 26 மணி நேரம் தாங்கும் என்று வைத்தால் மணிக்கு 0.7. வழியில் எடை குறைந்துகொண்டே வருமே, சராசரி எடை 4 கிராம் என்று பிடித்தால் உடம்பின் ஒவ்வொரு கிராமுக்கும் மணிக்கு 0.17 கிலோகலோரி செலவு. மூக்கனை 400 கிராம் என்றும் அதில் 200 கிராம் கொழுப்பு என்றும் வைப்போம். 1,800 கிலோகலோரி, 200 மணி நேரம், மணிக்கு 9. சராசரி எடை 300 கிராம், ஆக ஒரு கிராமுக்கு 0.03. கிட்டத்தட்ட ஆறில் ஒரு பங்கு செலவு. தோராயக் கணக்குதான், ஆனால் விடை இதை ஒட்டித்தான் வரும். அதோடு மூக்கனின் வேகமும் கூடுதல், கிளம்பும் நாளைப் பார்த்துத்தான் கிளம்பும், அலாஸ்காவைத் தாண்டும் புயல் சின்னத்தின் பின்பக்கத்தில் வடக்கிலிருந்து வீசும் காற்று முதுகுக்குப் பின்னால் வரும்வரை காத்திருக்கும்.

செலவு ஏன் இப்படி மாறுகிறது? முதல் காரணம் உருவம். உடம்பு சின்னதாக ஆக ஆக ஒவ்வொரு கிராம் சதைக்கும் ஆகும் செலவு கூடும், எலிக்கும் யானைக்கும் இடையில்கூட இந்த விதிதான். ஹம்மிங்பேர்ட் இந்த விதியின் கடைசி ஓரத்தில் நிற்கிறது, அதன் இதயம் வேலை நேரத்தில் நிமிடத்துக்கு 1,200 தடவைவரை துடிக்கும். இரண்டாவது காரணம் சிறகு. மூக்கனின் சிறகு நீளம், நுனி கூர்மை, ஒரே சீராக நாள்கணக்கில் முன்னோக்கிப் போவதற்கென்றே அமைந்தது. ஹம்மிங்பேர்டின் சிறகு வேறு ஒரு வேலைக்காக உருவானது: நின்ற இடத்தில் நிற்பது. மற்றப் பறவைகளுக்குப் பெரும்பாலும் சிறகைக் கீழே அடிக்கும்போதுதான் மேலே தூக்கும் விசை கிடைக்கும், மேலே இழுக்கும்போது ஏறக்குறைய சும்மா. ஹம்மிங்பேர்ட் தோளிலிருந்து சிறகைப் புரட்டி, மேலே போகும்போதும் காற்றைத் தள்ளும். 2005-இல் செம்பழுப்பு ஹம்மிங்பேர்டை வைத்துக் காற்றோட்டத்தைப் படமெடுத்து அளந்தார்கள், கீழ்வீச்சில் 75 சதவீதம், மேல்வீச்சில் 25 சதவீதம் தூக்கும் விசை என்று வந்தது. அந்தரத்தில் நிற்பது, பின்னால் பறப்பது, பக்கவாட்டில் நகர்வது, எல்லாம் இதனால்தான். பறத்தலிலேயே மிக அதிகம் செலவு வைப்பதும் அதுதான். மூக்கனுக்கு அப்படி நிற்கத் தேவையே இல்லை.

"உடல் அளவுக்குப் பார்த்தால் ஹம்மிங்பேர்ட்தானே" என்கிறீர்கள். நிறையப் பேர் இப்படிச் சொல்வார்கள், சொல்கிறவர்கள் பெரும்பாலும் கணக்குப் போட்டிருக்க மாட்டார்கள். 800 கி.மீ.ஐ 9 செ.மீ.ஆல் வகுத்தால் ஏறக்குறைய 90 லட்சம் உடல் நீளம். 11,680 கி.மீ.ஐ 39 செ.மீ.ஆல் வகுத்தால் 3 கோடி. உடல் நீளத்தை வைத்தாலும் மூக்கன் மூன்று மடங்குக்கு மேல். அந்தப் பேச்சு வேறு ஒரு பறவையிடமிருந்து வந்தது என்று நினைக்கிறேன். மேலே சொன்ன செம்பழுப்பு ஹம்மிங்பேர்ட் அலாஸ்காவுக்கும் மெக்சிகோவுக்கும் இடையே 6,000 கி.மீ. போல வலசை போகிறது, 8 செ.மீ. உடம்புக்கு அது 7 கோடிக்கு மேல், அதை எந்தப் பறவையோடும் தைரியமாக ஒப்பிடலாம். ஆனால் அது வழியெல்லாம் மலைப் பூக்களில் நின்று நின்று குடித்துக்கொண்டு போகிற பயணம். நிற்காமல் என்று கேட்டால் மூக்கன்தான், இதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை.

அதற்காக ஹம்மிங்பேர்டைக் குறைத்துச் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். அதன் அருமை கடலைத் தாண்டும் அந்த ஒரு நாளில் இல்லை, மற்ற எல்லா நாளிலும் இருக்கிறது. அது ஒரு அன்றாடங்காய்ச்சி. சர்க்கரை உள்ளே போய் முக்கால் மணி நேரத்துக்குள் அதையே எரித்துப் பறந்துகொண்டிருக்கும், மனிதத் தசையால் நினைத்துப் பார்க்க முடியாத வேகம் அது. அப்படியானால் பூவே இல்லாத ராத்திரியில் என்ன செய்யும்? உடம்பையே அணைத்துவிடும். 40 டிகிரியை ஒட்டியிருக்கும் உடல் வெப்பம் பாதிக்குக் கீழேகூட இறங்கும், இதயம் நிமிடத்துக்கு 50 துடிப்பு அளவுக்கு வந்துவிடும், கையில் எடுத்தால்கூட அசையாது. விடிவதற்கு முன்னால் தசைகளை நடுக்கி நடுக்கி உடம்பைச் சூடேற்றும், பறக்கும் நிலைக்கு வர இருபது நிமிடம், அதற்கு மேலும் ஆகும். பெருவின் ஆண்டிஸ் மலையில் ஒரு ஹம்மிங்பேர்ட் வகையின் உடல் வெப்பம் ராத்திரியில் 3.3 டிகிரிவரை இறங்கியதை அளந்து 2020-இல் வெளியிட்டார்கள். உயிரோடு இருக்கும் ஒரு பறவையின் உடம்பு அது.

மூக்கன் உடம்பைச் செதுக்குவது இன்னொரு விதம். அலாஸ்காவின் கடலோரச் சேற்றில் வாரக்கணக்காகத் தின்று கொழுப்பு ஏற்றும். அதே நேரத்தில், கிளம்பும் நாள் நெருங்க நெருங்க, இரைப்பை, குடல், கல்லீரல், சிறுநீரகம் எல்லாம் சுருங்கிவிடும். எட்டு நாள் சாப்பிடப் போவதில்லையே, குடல் எதற்குச் சுமை? நெஞ்சுத் தசையும் இதயமும் மட்டும் பெருக்கும். போய் இறங்கியதும் குடல் திரும்ப வளரும், அப்புறம்தான் முழுவீச்சில் தின்னவே முடியும். நான் படித்ததிலேயே என்னை அதிகம் உலுக்கிய விஷயங்களில் இது ஒன்று: சொந்த உள்ளுறுப்பையே கரைத்துப் பயணச் செலவைக் குறைக்கிறது ஒரு பறவை.

தின்னும் விதத்திலும் இரண்டும் இரண்டு துருவம், ஆனால் இரண்டுமே கண்ணுக்குத் தெரியாத இடத்தில் வேலை செய்கிறவை. மூக்கன் அலகை முழுக்கச் சேற்றில் இறக்கிவிடும், உள்ளே ஒன்றும் தெரியாது. அலகு நுனியில் எலும்புக் குழிகளில் தொடுவுணர்வு நரம்பு முனைகள் நெருக்கமாக இருக்கின்றன, புழு நகரும் அதிர்வு அதில் தெரியும். அலகு முழுக்கத் திறக்காமல் நுனியை மட்டும் வளைத்துத் திறந்து புழுவைக் கவ்வ முடியும், சேற்றுக்குள் முழு வாயையும் திறப்பது எவ்வளவு கஷ்டம் என்று யோசித்துப் பாருங்கள். ஹம்மிங்பேர்டின் நாக்கு நுனியில் இரண்டாகப் பிளந்தது. குழாய் மாதிரி உறிஞ்சுகிறது என்றுதான் வெகுகாலம் புத்தகங்களில் இருந்தது. 2011-இல் வேகப் படக்கருவி வைத்துப் பார்த்தபோது, நாக்கு தேனுக்குள் போனதும் அதன் ஓரங்கள் விரிந்து, வெளியே வரும்போது சுருண்டு மூடித் தேனைச் சிறைபிடித்துக்கொண்டு வருகிறது என்று தெரிந்தது. விநாடிக்குப் பத்துப் பன்னிரண்டு தடவைக்கு மேல் இது நடக்கும். புரதத்துக்கு அதற்கும் கொசு, சிலந்தி வேண்டும், தேனை மட்டும் குடித்து எந்தப் பறவையும் குஞ்சு வளர்க்க முடியாது.

குடும்பம் பற்றிச் சுருக்கமாக. ஹம்மிங்பேர்டில் பெண் மட்டும்தான் எல்லாம்: சிலந்தி நூலால் பஞ்சைப் பிணைத்துக் கூடு கட்டி, வெளியே மரப்பாசி ஒட்டி, இரண்டு முட்டை இட்டு, கண் திறக்காத குஞ்சுகளுக்கு மூன்று வாரம் ஊட்டும், ஆண் எட்டியும் பார்க்காது. மூக்கனில் இரண்டும் மாறி மாறி அடைகாக்கும், தரையில் நான்கு முட்டை, குஞ்சு பொரிந்த சில மணி நேரத்தில் எழுந்து நடந்து தானே தேடித் தின்னும். ஆயுளும் அப்படித்தான், செந்தொண்டைக்குக் கிடைத்த அதிகபட்சப் பதிவு 9 ஆண்டு அளவில், மூக்கன் 20 ஆண்டுகளுக்கு மேலும் வாழும். ஒன்றில் மட்டும் இரண்டும் ஒரே மாதிரி: பெற்றோர் கூட்டிக்கொண்டு போவதில்லை. பெரிய மூக்கன்கள் முன்னாடியே கிளம்பிவிடும், அந்த ஐந்து மாதக் குஞ்சு டாஸ்மேனியாவுக்குப் போனது வழி காட்ட அம்மா அப்பா இல்லாமல். ஹம்மிங்பேர்ட் குஞ்சோ முழுக்கத் தன்னந்தனியாக.

எது பாதுகாப்பாக இருக்கிறது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்ல வேண்டும். செந்தொண்டை ஹம்மிங்பேர்டுக்கு இப்போதைக்குப் பெரிய ஆபத்து இல்லை, வீட்டுக்கு வீடு சர்க்கரைத் தண்ணீர் வைத்துக் காத்திருக்கும் மக்கள் அங்கே உண்டு. மூக்கன் அச்சுறு நிலையை நெருங்கிய பறவைகள் பட்டியலில் இருக்கிறது. வடக்கே திரும்பும்போது அது இறங்கித் தேற வேண்டிய மஞ்சள் கடல் சேற்றுவெளியை சீனாவிலும் கொரியாவிலும் மண் கொட்டி நிலமாக்கிவிட்டார்கள். தென் கொரியாவில் சேமங்கம் என்ற இடத்தில் 33 கி.மீ. நீளக் கடல்சுவரை 2006-இல் மூடியபோது ஒரு பெரிய சேற்றுவெளியே போனது. 10,000 கி.மீ. பறந்து, கொழுப்பு தீர்ந்து, குடல் சுருங்கி வந்து சேரும் பறவைக்கு அடுத்த ஊரைத் தேடிப் போகத் தெம்பு இருக்காது. மிச்சமிருந்த சேற்றுவெளிகளில் சிலவற்றை சீனா 2019-இலும் தென் கொரியா 2021-இலும் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்க்க வைத்தார்கள், அது உண்மையிலேயே நல்ல செய்தி.

இது நமக்கு எட்டாத தூரத்து விஷயம் இல்லை தம்பி. சேற்றைப் பார்த்தால் நமக்கும் அழுக்காகத்தான் தெரிகிறது. நம்ம பக்கம் ஏரியைத் தூர்வாரும்போது கரையோரத்தைச் செங்குத்தாக வெட்டி, சுற்றிலும் கல் பதித்து, நடைபாதை போட்டு முடித்தால் எல்லோருக்கும் சந்தோஷம். தண்ணீர் கூட நிற்கும், அது விவசாயத்துக்கு வேண்டும், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் ஒரு பக்கமாவது சரிவாக, கணுக்கால் அளவு தண்ணீரும் சேறுமாக விட்டால்தான் உள்ளான்கள் இறங்கும். அதன் கால் நீளம் எவ்வளவோ அவ்வளவு ஆழத்தில்தான் அதால் மேய முடியும், ஆழமான தண்ணீர் அதற்குப் பயனே இல்லை. ஏரி வேலை உங்கள் ஊரில் நடக்கும்போது கிராம சபையில் இதைக் கேட்கலாம், கேட்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

கடைசிக் கேள்வி, டேமில் மூக்கனைப் பார்க்க முடியுமா. பட்டைவால் மூக்கன் கடற்கரைச் சேற்றுக்குரிய பறவை. இந்தியாவுக்கு வருவது அலாஸ்காக் கூட்டம் இல்லை, வேறு கூட்டங்கள், அவையும் கடலோரத்தில்தான் தங்கும். தமிழ்நாட்டில் கோடியக்கரை, பழவேற்காடு மாதிரி இடங்களில் கொஞ்சமாகப் பார்க்கலாம், கே.ஆர்.பி. டேமில் எதிர்பார்த்துப் போக வேண்டாம். ஆனால் அதன் பங்காளிகள் உங்கள் வீட்டிலிருந்து சைக்கிள் தூரத்தில் இருக்கின்றன. ஆகஸ்ட் கடைசியிலேயே வரத் தொடங்கி ஏப்ரல்வரை இருக்கும். டேமில் தண்ணீர் இறங்கி ஓரத்தில் சேறு வெளியே தெரியும் மாதங்களில் போங்கள், பாரூர் ஏரியின் ஆழமில்லாத ஓரங்களும், பாலக்கோட்டுப் பக்கம் பஞ்சப்பள்ளி சின்னாறு அணையின் பின்தண்ணீர் ஓரமும் நல்ல இடங்கள்.

பொறி உள்ளானை முதலில் பழகுங்கள். மைனாவைவிடக் கொஞ்சம் சின்னது, 60 கிராம் போல, பழுப்பு முதுகு முழுக்க வெளிர்ப் புள்ளிகள், கண்ணுக்கு மேல் வெள்ளைப் புருவம், மஞ்சள் கலந்த பச்சைக் கால். இரண்டு அடி வைக்கும், தண்ணீர்ப் பரப்பில் ஒரு கொத்து, மறுபடி இரண்டு அடி, நின்று உடம்பை ஒரு தூக்கு தூக்கி இறக்கும். பக்கத்தில் போனால் "சிஃப்-இஃப்-இஃப்" என்று கத்திக்கொண்டு எழும்பும், அப்போது வாலுக்கு மேல் வெள்ளையும் வாலைத் தாண்டி நீட்டிக்கொண்டிருக்கும் காலும் தெரியும். அது முட்டையிடும் இடம் சைபீரியா, வட ஐரோப்பாவின் சதுப்புக் காடுகள். பின்பக்கத்தை ஓயாமல் ஆட்டிக்கொண்டே, கற்களின் ஓரமாகத் தனியாக ஓடுவது சாதா உள்ளான். கண்ணைச் சுற்றி மஞ்சள் வளையம், கழுத்தில் கறுப்புப் பட்டை, குடுகுடுவென ஓடிச் சட்டென்று நிற்பது பட்டாணி உப்புக்கொத்தி. சிவப்புக் குச்சிக்கால்காரர் நெடுங்கால் உள்ளான். வயலில் ஆளைக் கண்டதும் ஊரைக் கூட்டும் ஆள்காட்டியும் இந்தக் கரைப்பறவைகள் அணிதான், அது இங்கேயே பிறந்து இங்கேயே வாழ்வது.

காலை ஏழு மணிக்குள் போய்விடுங்கள், சூரியன் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கும்படி கரையில் உட்கார்ந்துகொள்ளுங்கள், நடந்து துரத்தாதீர்கள், பத்து நிமிடம் அசையாமல் இருந்தால் அவையே மேய்ந்துகொண்டு பக்கத்தில் வரும். 8x42 பைனாகுலர் போதும். மார்ச், ஏப்ரலில் மறக்காமல் ஒரு தடவை போங்கள், வடக்கே கிளம்பும் முன் தின்று உருண்டிருக்கும், இறகும் புதிதாக இருக்கும். எப்போதாவது நீண்ட நேரான அலகோடு பெரிதாக ஒன்று நின்றால் அது கருவால் மூக்கனாக இருக்கலாம், உள்நாட்டு ஏரிகளுக்கும் அது வரும். எழும்பிப் பறக்கும்போது பாருங்கள்: சிறகில் பளிச்சென்று வெள்ளைக் கோடும் வால்நுனியில் அகலக் கறுப்புப் பட்டையும் இருந்தால் கருவால் மூக்கன். சிறகில் கோடு இல்லாமல், வாலில் மெல்லிய குறுக்குக் கோடுகள் மட்டும் இருந்து, அலகும் லேசாக மேல்நோக்கி வளைந்திருந்தால் உடனே படம் எடுத்து, தேதியோடும் இடத்தோடும் ஈபேர்ட் என்ற பறவைப் பதிவு இணையதளத்தில் போட்டுவிட்டு எனக்கும் அனுப்புங்கள். நம்ம மாவட்டத்துக்கு அது பெரிய பதிவு.